வண்டிப்பாதையும் மலைப்பாதையும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த படப்பையையும் அதைச் சூழ்ந்த மணிமங்கலம், ஆதனூர், கரசங்கால், மண்ணிவாக்கம் முதலிய ஊர்களையும் மலையேற்றத்தோடு சேர்த்து எவரும் பேசுவதில்லை. சென்னைவாசி மலையேறப் புறப்பட்டால் நாகலாபுரத்தையோ ஜவ்வாது மலையையோ கொடைக்கானலையோ நோக்கித்தான் பேருந்து ஏறுகிறார். ஆயினும், நடைக் குழுக்களை வழிநடத்துவதையே தொழிலாகக் கொண்ட சிலருக்கு இந்தச் சமவெளி வட்டாரமே முதற் பள்ளியாக இருந்திருக்கிறது. இக்கட்டுரையாளர் அவர்களுள் ஒருவர். 1980களின் இறுதியில் பள்ளிச் சாரணர்களை ஏரிக்கரை வழியே அழைத்துச் செல்லும் பொறுப்பாகத் தொடங்கி, விடுமுறை நாள்களில் நண்பர் குழுக்களை மலைகளுக்குக் கூட்டிச் செல்வதாக வளர்ந்து, பின்னர் கட்டணம் பெற்று நிறுவன ஊழியர்களை அழைத்துச் செல்லும் தொழிலாக மாறிய இப்பணியில், மலை உச்சிகளைவிட அவற்றுக்குச் செல்லும் பாதைகளைப் பற்றியே அறிய வேண்டியது மிகுதியாக இருந்தது. நாள்தோறும் மிதிப்பவர்கள் இருக்கும்வரைதான் ஒரு பாதை இருக்கும் என்பதும், வழிகாட்டி ஒருவரின் அறிவில் பெரும்பகுதி அவர்களிடம் பெற்ற கடன் என்பதும் அப்பணி கற்றுத்தந்தவற்றுள் முதன்மையானவை.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் மாவட்டம் என்றே அறியப்பட்டது. ஓர் ஏரி நிரம்பியதும் அதன் மிகைநீர் கலங்கல் எனப்படும் தாழ்ந்த கற்கட்டின் மேல் வழிந்து, கால்வாய் வழியாக அடுத்த ஏரியைச் சேரும். இவ்வாறு சங்கிலியாகக் கோக்கப்பட்ட ஏரிகளின் கரைகளே இப்பகுதியின் நெடுந்தொலைவு நடைபாதைகளாகவும் இருந்தன. கரையின் மேல் மாடு ஓட்டிச் செல்வோரின் ஒற்றையடித் தடமும், கரைக்குக் கீழே வயல்களுக்கும் களத்துமேட்டுக்கும் செல்லும் வண்டிப்பாதையும், பாசனத்துக்கு நீரைத் திறந்துவிடும் மதகருகே இவ்விரண்டும் சந்திக்கும் இடமும் ஒவ்வோர் ஊரிலும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருந்ததால், ஓர் ஏரியின் கரையை முழுமையாக நடந்து அறிந்தவர் அடுத்த ஊரின் ஏரியில் வழி தவறுவதில்லை. அடையாற்றின் தலைப்பகுதி என்று கூறப்படும் ஆதனூர் ஏரியிலிருந்து நீர் போகும் திசையிலேயே முடிச்சூர்வரை தார்ச்சாலையை மிகக் குறைவாகத் தொட்டு நடக்க 1990களின் நடுப்பகுதிவரை இயன்றது. இன்று அவ்வழியில் மனைப்பிரிவுகளும் சுற்றுச்சுவர்களும், வண்டலூரிலிருந்து மீஞ்சூர்வரை 62 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்ட வெளிவட்டச் சாலையும் குறுக்கிடுகின்றன.

இந்நிலப்பகுதியின் குன்றுகள் உயரத்தால் சிறியவை. வயதால் மிகப் பெரியவை. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், வண்டலூர் ஆகிய இடங்களில் காணப்படும் கருநீலச் சாயலுள்ள கடினப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதே அப்பெயருக்குக் காரணம். அதே பல்லாவரத்தில்தான் 1863ஆம் ஆண்டு மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபுட், செம்பூராங்கல் எனப்படும் செந்நிறச் சரளைப் படிவில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வழி திறந்தார். மணிமங்கலம், முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேட்டில் குறிக்கப்படும் ஊர். இச்செய்திகளைக் குழுவினருக்குக் கூறும்போது அவர்களின் நடை மாறுவதை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டிருக்கிறார்: அதுவரை கைப்பேசியைப் பார்த்தவாறு நடந்தவர்கள் குனிந்து தரையைப் பார்க்கத் தொடங்குவர், தரையைப் பார்த்து நடப்பவர் கால் இடறி விழுவது குறைவு. வரலாறு சொல்வதை வழிகாட்டும் பணியின் அலங்காரமாகக் கருதும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. அது பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதே இங்கு வலியுறுத்தத் தக்கது.

தரையைப் படிக்கும் கலையை இக்கட்டுரையாளருக்குக் கற்றுத்தந்தவர், மணிமங்கலத்துக்கு அப்பால் ஏரிப் புறம்போக்கில் வாழ்ந்த இருளர் முதியவர் ஒருவர். வயல் எலி பிடித்தும் பாம்பு பிடித்தும் மூலிகை சேகரித்தும் வாழ்ந்த இருளர் குடும்பங்கள் இவ்வட்டாரத்தின் பல ஏரிக்கரைகளில் இன்றும் உள்ளன. அவர்களுடைய திறனுக்கு 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சான்று. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததும், 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டதும் பலரும் அறிந்த செய்தி. மணிமங்கலத்து முதியவர் அத்தகைய புகழ் எதுவும் பெறாதவர். பங்குனி மாதக் காலையொன்றில் ஏரிக்கரைப் புழுதியில் வளைந்து சென்ற தடம் ஒன்றின் அருகே அவர் குத்துக்காலிட்டு அமர்ந்து, அத்தடத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மெல்லிய புள்ளி வரிசையைக் குச்சியால் சுட்டிக்காட்டினார். "இது ராத்திரியே போயிட்டுது தம்பி, அதுக்கு மேல எறும்பு நடந்திருக்குது பாரு" என்றார். தடத்தின் ஓரம் கூர்மையாக நிற்கிறதா சரிந்திருக்கிறதா, அதன் மேல் பனித்துளி விழுந்த குழிகள் உள்ளனவா, எறும்பு கடந்திருக்கிறதா என்னும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தே அவர் நேரத்தைக் கணித்தார். பின்னாளில் ஜவ்வாது மலையில் காட்டுப்பன்றித் தடத்தையும் நீலகிரிச் சரிவில் யானைத் தடத்தையும் கண்டு, முன்னே செல்வதா காத்திருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தபோதெல்லாம் இந்த எறும்புக் கணக்கே கைகொடுத்தது.

பாம்பைப் பற்றி நகரத்து நடையாளர்களிடம் உள்ள அச்சம் பெரிது, அறிவு குறைவு. தமிழ்நாட்டில் மனித உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமாகும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே கூட்டு முறிமருந்து பயன்படுவதால், கடித்தது எது என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாதபடி வைத்து, முறிமருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைவில் கொண்டு செல்வதே செய்யத்தக்கது. கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கையே விளைவிக்கும். எனவே ஒவ்வொரு நடைக்கும் முன்பு அருகிலுள்ள எந்த அரசு மருத்துவமனையில் முறிமருந்து இருப்பில் உள்ளது என்று தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்வதை, அன்றைய வானிலையைப் பார்ப்பதற்கு இணையான கடமையாக வழிகாட்டிகள் கொள்ள வேண்டும்.

முள், பாம்பைவிட அன்றாடமான எதிரி. ஏரிப் புறம்போக்குகளை மூடிக்கொண்ட சீமைக்கருவேலத்தின் முள், மலிவான ஷூவின் அடித்தோலைத் துளைத்துக் காலில் ஏறி, உள்ளேயே முறிந்துவிடும் இயல்புடையது. ஆடு மேய்ப்போர் அரைஞாண் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்த முள்வாங்கி, அதாவது ஒரு முனையில் இடுக்கியும் மறுமுனையில் ஊசியும் கொண்ட சிறு இரும்புக் கருவி, இக்கட்டுரையாளரின் முதலுதவிப் பையில் இன்றும் உள்ளது. கடையில் வாங்கிய எந்த இடுக்கியும் அதன் வேலையைச் செய்ததில்லை. முள்ளை எடுக்கும்போது தோலைக் கிழிக்காமல், அது ஏறிய கோணத்திலேயே ஊசியால் நெம்பி, தலை தெரிந்த பிறகே இடுக்கியைப் பயன்படுத்த வேண்டும். காலணி தேய்க்கும் இடம் சூடாக உணரப்படும்போதே நின்று பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளம் வராது. ஆனால் குழுவை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு மூன்று மணி நேரம் நடப்பவர்களே மிகுதி. ஆதலால் நடை தொடங்கிய அரைமணியில், எவரும் கேட்காமலேயே, அனைவரையும் ஷூவைக் கழற்றிப் பார்க்கச் செய்வது நல்ல வழக்கம்.

நிலப்படம் கிடைப்பதே ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. இந்திய நில அளவைத் துறை வெளியிடும், உயரக்கோடுகள் கொண்ட 1:50,000 அளவுத் தாள்களுள் கடலோரப் பகுதிகளுக்கு உரியவை பாதுகாப்புக் காரணம் கருதிப் பொதுமக்களுக்கு எளிதில் வழங்கப்படவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலவரைபடக் கொள்கைக்குப் பின்னரே பொதுப் பயன்பாட்டுக்கெனத் தனி வரிசைத் தாள்கள் வரத் தொடங்கின. அதற்கு முன் வழிகாட்டிகள் நம்பியது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் கிராம வரைபடத்தைத்தான். புல எண்கள், ஏரி, ஓடை, களம், சுடுகாடு, வண்டிப்பாதை ஆகியன குறிக்கப்பட்ட அவ்வரைபடத்தில் மேடுபள்ளம் தெரியாது. ஆனால் எந்தப் பாதை யாருக்கும் சொந்தமில்லாத பொதுப்பாதை என்பது தெரியும். செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டதும், அடுத்த பத்தாண்டுகளில் அக்கருவி கைப்பேசிக்குள் வந்ததும், இத்தொழிலில் நேர்ந்த மிகப் பெரிய மாற்றங்கள். இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவி, அவ்விடத்தில் நிற்கலாமா என்பதைச் சொல்வதில்லை என்பதைப் பல குழுக்கள் காட்டாற்றுப் படுகையில் கூடாரம் அடித்த பின்னரே உணர்ந்தன.

நேரக் கணக்கே வழிகாட்டியின் உண்மையான கருவி. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த விதியின்படி, ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவுக்கு ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்குளிர்நாட்டுக் கணக்கு தமிழ்நாட்டு வெயிலில், அதிலும் முதன்முறை நடப்போரைக் கொண்ட குழுவில், பொருந்துவதில்லை. காலை ஒன்பது மணிக்குப் பின் எஞ்சிய தொலைவுக்குக் கணக்கிட்ட நேரத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது இக்கட்டுரையாளரின் வழக்கம். தண்ணீரும் அவ்வாறே: வெயிலில் ஏறும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் உடலின் உப்பளவு குறைந்து தலைச்சுற்றலும் வாந்தியும் வரும் என்பதால், உப்பிட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ உடனிருக்க வேண்டும்.

இக்கணக்கின் பொருள் துலங்கிய நிகழ்ச்சியொன்று, செங்கல்பட்டுக்கு அப்பாலுள்ள குன்றொன்றில், சித்திரை மாதத்தில் நேர்ந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் இயங்கிய நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் ஆறு மணிக்கு நடை தொடங்க வேண்டியவர்கள். பேருந்து தாமதமானதால் ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தனர். உச்சியில் எடுத்த படத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதாக வாக்களித்திருந்த ஒருங்கிணைப்பாளர், பாதை முழுவதையும் முடித்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார்; பாதித் தொலைவிலுள்ள சுனையோடு திரும்புவது என்ற உடன்பாட்டின் பேரிலேயே குழு புறப்பட்டது. குழுவிலேயே வலுவான உடற்கட்டுடைய இளைஞர் ஒருவர், சுனையை நெருங்கும்போது, "இன்னும் எவ்வளவு தூரம் சார்?" என்று கேட்டு, விடை பெற்ற மறு நிமிடமே அதே கேள்வியை அதே குரலில் மீண்டும் கேட்டார். வெப்பத் தாக்குதலில் கால் தளர்வதற்கு முன்பே சொல் தளர்ந்துவிடுகிறது. அவரைப் புளியமர நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, சுனை நீரில் நனைத்த துண்டுகளைக் கழுத்திலும் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் வைத்து இருவர் இடைவிடாமல் விசிற, மற்றோர் இருவர் 108 ஆம்புலன்ஸை அழைத்துச் சாலைக்கு இறங்கி நின்றனர். நினைவு தடுமாறும் நிலையில் இருப்பவருக்கு வாயில் நீர் புகட்டக் கூடாது என்பதால், அன்போடு நீட்டப்பட்ட பாட்டில்களை விலக்க வேண்டியிருந்தது. மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து அவர் நலமாக வீடு திரும்பினார். உச்சிவரை சென்றிருந்தால் ஆம்புலன்ஸ் நிற்கும் சாலைக்கு அவரைத் தூக்கி வர மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

குழுவின் முன்னே செல்பவரை விடக் கடைசியில் வருபவரே தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் எழுதப்படாத விதி. களைத்தவர், கொப்புளத்தை மறைப்பவர், வீட்டுக் கவலையோடு வந்தவர், மனம் மாறித் திரும்ப விரும்புபவர் ஆகிய அனைவரும் இறுதியில் கடைசி ஆளிடம்தான் வந்து சேர்வர். அவர் காதில் விழுவது முன்னே செல்பவருக்கு ஒருபோதும் தெரிவதில்லை. புதிதாகச் சேர்வோர் முன்னே நடக்க விரும்புவர். அவர்களைக் குறைந்தது இரண்டு பருவங்கள் கடைசி ஆளோடு நடக்கவிட்ட பின்னரே குழுவை ஒப்படைக்க வேண்டும்.

மலையேற்றம் என்பது அயல்நாட்டவர் கொண்டுவந்த பொழுதுபோக்கு என்ற எண்ணம் படித்தவரிடையே இருந்தாலும், தமிழ்நாட்டில் அதன் பழைய வடிவம் கோயில் வழிபாட்டோடு இணைந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை, கோயம்புத்தூருக்கு மேற்கே ஏழு மலைகளைக் கடந்து ஏறும் வெள்ளியங்கிரி, விருதுநகர் மாவட்டத்தை ஒட்டிய சதுரகிரி ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஏறுவோரின் எண்ணிக்கைக்கு முன் எந்த மலையேற்ற மன்றமும் நிற்க இயலாது. படப்பை, தாம்பரம் பகுதிகளிலிருந்து முழுநிலவு நாள்களில் பர்வதமலைக்கு வேன் அமர்த்திச் செல்லும் குழுக்களோடு நடந்ததில் கற்றவை பல. இரவில் ஏறினால் வெயில் தாக்காது, பள்ளம் கண்ணில் படாததால் அச்சமும் குறைகிறது. பாறையில் அறையப்பட்ட இரும்புக் கம்பிகளைப் பற்றி ஏறும் கடப்பாறைப் படியில் வெறுங்காலே சறுக்காமல் பிடிக்கிறது. முதியவர்கள் பத்து அடிக்கு ஒருமுறை நின்று இறைவன் பெயரைச் சொல்வது மூச்சைச் சீராக்குகிறது. ஆயினும் விடியலில் இறங்கும்போதுதான் விபத்துகள் நேர்கின்றன: தூக்கமின்மையும் வெறும் வயிறும் தளர்ந்த முழங்காலும் ஒன்றுசேரும் நேரம் அது. இந்த அனுபவத்துக்குப் பின், கட்டணக் குழுக்களின் திட்டத்திலும் இறக்கத்துக்கு ஏற்றத்தின் அளவே நேரம் ஒதுக்கப்பட்டது. அதற்கு முன் பாதி நேரமே போதும் என்பதே பொதுவான நம்பிக்கையாக இருந்தது.

2000க்குப் பின் நிலைமை விரைந்து மாறியது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகி, ஐந்து நாள் வேலை வாரமும் கையில் பணமும் கொண்ட ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சென்னையின் தென்பகுதியில் குடியேறினர். பெல்ஜியம் நாட்டவரான பீட்டர் வான் கெய்ட் 2008இல் தொடங்கிய சென்னை ட்ரெக்கிங் கிளப், இலாப நோக்கமின்றி இயங்கி, மலையேற்றத்தை நடுத்தர வர்க்கத்தின் வார இறுதிப் பழக்கமாக்கியதில் பெரும்பங்கு வகித்தது. கடற்கரைத் தூய்மைப் பணி, மரம் நடுதல், நெடுந்தொலைவு ஓட்டம் என அதன் செயல்கள் விரிந்தன. ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள நாகலாபுரமும் தடாவுக்கு அருகிலுள்ள உப்பலமடுகு அருவியும் சனிக்கிழமைதோறும் சென்னைப் பேச்சால் நிரம்பின. முன்பு மூன்று நான்கு பேர் ஓசையின்றிக் கடந்த நீரோடைகளில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கினர். பிளாஸ்டிக் உறைகள் பாறை இடுக்குகளில் சேர்ந்தன. நீச்சல் தெரியாதவர்கள் ஆழமான குட்டைகளில் மூழ்கிய செய்திகள் வரத் தொடங்கின. வெளியே வராதிருந்த பெண்கள் பெரும் எண்ணிக்கையில் நடக்க வந்தது அக்காலத்தின் மிக நல்ல விளைவு. அவர்கள் வந்த பின்னரே கழிப்பிட ஏற்பாடு, உடை மாற்றும் இடம், வீடு திரும்பும் நேரம் ஆகியவை திட்டத்தில் இடம்பெற்றன. அவ்வொழுங்கு ஆண்களுக்கும் பயன்பட்டது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீயில், சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் சென்ற இரு குழுக்களைச் சேர்ந்தோர் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன என்பது செய்தியாயிற்று. அதற்கு முன்பே புகைக்குள் ஏறி, போர்வையில் டோலி கட்டி, காயமுற்றோரைச் சுமந்து இறக்கியவர்கள் அம்மலையடிவாரத்து ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் குரங்கணிக்கும் இடையிலான அப்பாதை அவர்கள் நாள்தோறும் மிதித்த பாதை. மார்ச் மாதத்தில் சரிவுகளில் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும் புல்லில் தீப்பற்றினால், சுடர் தனக்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்துவதால், தீ மேல்நோக்கி மனிதர் ஓடும் வேகத்தைவிட விரைவாக ஏறும்; எனவே மேலே ஓடாமல் பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையையோ ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்தையோ அடைவதே உயிர் காக்கும் வழி. இதை மலையடிவாரச் சிறுவரும் அறிவர். நகரத்திலிருந்து செல்வோருக்கு அதைச் சொல்லித்தர, அம்மண்ணைச் சேர்ந்த ஒருவர் ஒவ்வொரு குழுவோடும் இருந்தாக வேண்டும் என்பது அன்றுவரை கட்டாயமாக இருக்கவில்லை. சில குழுக்கள் அதைக் கூடுதல் செலவாகவே எண்ணின. அந்த வாரத்தில் படப்பையில் இக்கட்டுரையாளரின் வீட்டுக்கு, முன்னர் அவரோடு நடந்தவர்களின் பெற்றோர் பலர் வந்தனர். பிள்ளைகளைத் தடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் சிலரே. என்ன கேட்டு அனுப்ப வேண்டும் என்று அறிய விரும்பியவர்களே மிகுதி. உள்ளூர் வழிகாட்டி உடன் வருகிறாரா, வனத்துறை அனுமதிக் கடிதம் எவர் பெயரில் உள்ளது, எந்த நேரத்துக்குத் திரும்புவது என்று முடிவாகியிருக்கிறது ஆகிய மூன்றையும் கேட்டு, ஒன்றுக்கேனும் தெளிவான விடை வராவிட்டால் அனுப்ப வேண்டாம் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. காப்புக் காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின்படி முன்பே குற்றம்தான் என்றாலும், பாதைகளை எளியவை, மிதமானவை, கடினமானவை என வகுத்து, குழுவோடு வழிகாட்டி செல்வதை நெறிப்படுத்தியவை இவ்விதிகள். தீப்பருவமாகிய பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதிவரை பாதைகளை மூடுவது இப்போது வழக்கமாகியுள்ளது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின்கீழ் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இணையவழி முன்பதிவுக்குத் திறக்கப்பட்டன. அவற்றில் காடு சார்ந்து வாழும் பழங்குடி இளைஞர்களும் ஊர் இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர். தனியார் வழிகாட்டிகளுள் சிலர் இதனால் தொழில் குறைந்துவிட்டதாக வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் உண்மை இருப்பினும், மணிமங்கலத்து முதியவரைப் போன்றோரின் அறிவுக்கு முதன்முறையாகச் சீருடையும் ஊதியமும் கிடைக்கின்றன என்பதை நோக்கும்போது இம்மாற்றத்தை வரவேற்பதே முறை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 இறுதியில் திறக்கப்பட்டபின், முன்பு பெருங்களத்தூரில் சாலையோரம் முதுகுப்பைகளோடு நின்ற இளைஞர்கள் இப்போது அங்கே கூடிப் புறப்படுகின்றனர்.

மலைப்பாதைகளுக்கு இவ்வாறு விதியும் காவலும் வந்துவிட்ட நிலையில், கவனிப்பாரற்றுப் போனவை சமவெளிப் பாதைகளே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, நீர் எவ்வழியே வரும், எந்தக் கரை மேடு, எங்கே பழைய கால்வாய் மனைகளுக்கடியில் மறைந்திருக்கிறது என்பவற்றைப் பிழையின்றிச் சொன்னவர்கள், அக்கரைகளில் மாடு மேய்த்துத் திரிந்த முதியவர்கள். கழுத்தளவு நீரில் தெருக்களின் அடையாளம் அழிந்த நிலையில், அவர்கள் சொன்ன கரைமேட்டு வழியாகவே சில குடும்பங்கள் வெளியே கொண்டுவரப்பட்டன. இன்னும் பத்தாண்டுகளில் அக்கரைகளை நடந்து அறிந்தவர் எவரும் இல்லாமற்போவர் என்ற எண்ணமே இக்கட்டுரையாளரை மீண்டும் ஊர்ப்புறம் திருப்பியது. மார்கழி, தை மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில், பள்ளிப் பிள்ளைகளைக் கட்டணமின்றி ஏரிக்கரைகளில் நடத்திச் செல்லும் வழக்கம் அவ்வாறு தொடங்கிற்று. ஆள்காட்டிக் குருவி எந்தத் தொலைவில் குரல் எழுப்புகிறது, நத்தைகுத்தி நாரை நிற்கும் நீரின் ஆழம் எவ்வளவு இருக்கும், காரையும் சூரையும் களாவும் எந்த மண்ணில் வளர்கின்றன என்று பிள்ளைகளே குறிப்பெடுக்கின்றனர். சில நாள்களில் அவர்கள் மேடவாக்கத்துக்கு அருகே, ஏறத்தாழ 320 எக்டேர் பரப்புள்ள நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரத்துக்கும் அழைத்துச் செல்லப்படுவர். கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை விளிம்பில் வாழும் கொம்பன் ஆந்தையை நெருங்கிச் சென்று தொல்லை தரக் கூடாது என்பது அங்கே பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம்.

இந்நடைகளில் ஒன்றின்போது, கிராம வரைபடத்தில் குறிக்கப்பட்ட வண்டிப்பாதை ஒன்று மனைப்பிரிவின் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. பிள்ளைகளோடு வந்திருந்த பெற்றோர் சிலர் அதைக் கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்து, வருவாய்த் தீர்வாயம் எனப்படும் ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குகளை ஆண்டுக்கொருமுறை வட்டாட்சியர் அலுவலகத்தில் சரிபார்க்கும் நிகழ்வில், புல எண்களோடு மனு அளித்தனர். கிராம வரைபடத்தைப் படித்து, பாதை எந்தப் புல எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவர். நில அளவர் வந்து சங்கிலி பிடித்து அளந்ததில், ஒரு பாதைக்கு எல்லைக்கல் நடப்பட்டு, இப்போது அதில் மாடுகளும் மிதிவண்டிகளும் செல்கின்றன. சுவரால் மறிக்கப்பட்ட மற்றொரு பாதையின் கோப்பு இன்னும் நிலுவையில் உள்ளது. அடுத்த ஜமாபந்திக்கு, ஆதனூர்ப் பக்கத்தில் மூன்று வண்டிப்பாதைகளின் புல எண்களை அம்மாணவியர் தொகுத்து வருகின்றனர்.